ஹவுளில் வளர்ந்த சொற்கள்

அன்று சனிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த பிறகு, இளந்துறைப் பெரிய பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவின் மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்: பாடம் நடத்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய ஜக்கரிய்யா சார், ஆட்டோ ஓட்டும் நைனா முகம்மது, சத்துணவுக்கூடத்து ஜுலைகா ராத்தா, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் அமலோற்பவம், மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தும் சுடலையாண்டி வாத்தியார், குவைத்திலிருந்து திரும்பி செல்போன் கடை போட்டிருந்த ரபீக், அவன் தம்பி ரியாஸ், உப்பளத்தில் கணக்கெழுதும் தாஜுதீன், கடைசி பெஞ்சில் நான். என் பெயர் உதுமான் கனி. பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன். சாரையும் சேர்த்து ஒன்பது பேர். ஜன்னலில் ஒரு பூனையும் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் சனியும் ஞாயிறும் வந்து அரபு மொழியும் இஸ்லாமிய வரலாறும் படித்துப் பட்டயம் வாங்கலாம் என்று பல்கலைக்கழகம் எங்கள் ஊரில் ஒரு மையம் திறந்திருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னைச் சேர்ப்பார்களா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, நைனாதான் ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்தி, "காக்கா, அளவெடுத்தது போதும், ஏறுங்க" என்று கூட்டிப் போனான். அவனுக்கு என்னைவிட இருபது வயது குறைவு, அண்ணன் என்கிற முறையில்தான் காக்கா என்பான். ஆனாலும் ஊரில் நான் முகம் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று முதல் வகுப்பில் சார் ஒவ்வொருவரையும் கேட்டார். குவைத்துக்கு வேலைக்குப் போகப் பேச்சு வேண்டும் என்றாள் அமலோற்பவம். கல்வெட்டு வாசிக்க வேண்டும் என்றார் வாத்தியார். என் முறை வந்தபோது நான் எழுந்து நின்று, சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான், என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். உண்மை அதுவல்ல. என் மனைவி மைமூன் படுக்கையில் கிடந்த நாட்களில் நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவேன். ஏழு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தது, உதடு தானாக ஓடும், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஓர் இடம் வரும்போதெல்லாம் அவள் அழுவாள். "என்னங்க, அந்த இடத்துல நெஞ்சை என்னவோ பண்ணுது. அதுல என்னதான் சொல்லியிருக்கு?" என்று கேட்டாள். நான் பதில் தெரியாமல் ஓதிக்கொண்டே போனேன். அவள் போன பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை அஸரிலிருந்து பொழுது சாயும் மக்ரிப் வரை மையவாடியில், அவளை அடக்கிய இடத்தில், தலைமாட்டில் உட்கார்ந்து அதையே ஓதுகிறேன். அதைத் தமிழில் அவளிடம் சொல்ல வேண்டும், சொல் சொல்லாக, நானே அறிந்து. படிக்க வந்தது அதற்குத்தான். நைனாவிடம் மட்டும் சொன்னேன்.

"தமிழ் அர்த்தம் போட்டு அச்சடிச்சுதான் விக்கிதே காக்கா, வாங்கி வாசிச்சிருங்களேன்."

"அது அடுத்தவன் எடுத்த அளவு நைனா. அவளுக்குப் பொருந்தாது."

சரி, அன்றைய சனிக்கிழமைக்கு வருகிறேன். சார் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதினார். ஆயிரம் தடவை நான் ஓதியிருந்த சொல். மரம் என்று பொருள் சொன்னார். சொன்னதும் அந்தச் சொல்லுக்குள் ஒரு மரம் நின்றது. இத்தனை வருடமும் அந்த நிழலிலேயே நடந்து போயும் அண்ணாந்து பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. அப்போது கீழேயிருந்து பாங்கு சொல்லும் மோதினார், "யாருங்க ஹவுள்ல மீனைக் கொண்டாந்து விட்டது?" என்று சத்தம் போட்டார். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்கிற தொட்டியை எங்கள் ஊரில் ஹவுள் என்போம். எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். காலையில் கழுவி நிரப்பிய தண்ணீரில் நெத்திலி அளவுக்கு, நெத்திலியைவிட வெள்ளையாக, ஆறு மீன்கள் நீந்தின. படிக்கிறவர்கள் எட்டுப் பேர், மீன் ஆறு என்பது எனக்கு உறுத்தியது. மறுநாள்தான் விளங்கிற்று: ரபீக்கும் ரியாஸும் குவைத்திலேயே அந்தச் சொல்லை அறிந்து வந்தவர்கள்.

அதற்குப் பிறகு ஒருவர் ஒரு சொல்லை உள்ளபடி அறிந்துகொண்டால் ஹவுளில் ஒரு மீன் கூடியது. மனப்பாடம் செய்ததற்குக் கூடவில்லை, பக்கத்து ஆளைப் பார்த்து எழுதியதற்குக் கூடவில்லை. யாருடைய மீன் எது என்று தெரியாமல் ஒரு மாதம் போயிற்று. பிறகு ஜுலைகா ராத்தா கரையில் உட்கார்ந்து கை கழுவும்போது அவருடைய மீன்கள் மட்டும் விரல்களைச் சுற்றி வந்து நின்றன; அதிலிருந்து கையை வைத்தால் அவரவர் சொல் அவரவரிடம் வரும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த மீன்கள் எதையும் தின்னவில்லை. பிள்ளைகள் பொரி வீசினால் பொரி ஊறிக் கரைந்துபோகும், ஒரு வாய்கூடத் திறக்காது. ஒரு சொல்லை நீண்ட நாள் நினைக்காமல் விட்டால் அந்த மீன் அடியில் போய் மங்கிப் படுக்கும். திரும்ப நினைத்தால் மேலே வரும்.

மீன் கிடக்கும் தண்ணீரில் ஒளு கூடுமா என்று ஜமாஅத் கூடியது. இமாம் கிதாபைப் புரட்டிப் பார்த்து, இந்த அளவு தண்ணீர் மீனால் கெடாது, கூடும் என்றார். சொல்லாக இருந்து மீனான மீன் என்றால் அதற்கும் இதே சட்டமா என்று ஒருவர் கேட்டார். சொல்லுக்குத் தண்ணீர் கெடும் என்று எங்கேயும் எழுதவில்லை என்றார் இமாம். அடுத்து அமலோற்பவத்தின் மீன்களைப் பற்றிப் பேச்சு வந்தது. உப்பு வியாபாரி காதர் சாயபு, "பள்ளிவாசத் தொட்டியில கிறிஸ்தவப் பிள்ளை மீன் எப்பிடிங்க இருக்கலாம்?" என்றார். "எந்த மீனு அந்தப் பிள்ளையுதுன்னு புடிச்சுக் காட்டுங்க பாப்போம்," என்றார் மோதினார். காதர் சாயபு அரைமணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். தெருப் பக்கம் அடைத்துக் கிடந்த சிறு வாசலைத் திறந்து, பெண்களும் வாத்தியாரும் அந்த வழியாக வந்து கரையில் உட்காரலாம் என்று தீர்மானம் ஆனது.

ஊர் அதைத் தன் வேலைகளுக்குள் வைத்துக்கொண்டது. ஒளு செய்கிறவர்கள் மீன் கையில் வராதபடி மெதுவாக அள்ளப் பழகினார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு எத்தனை மீன் என்று விசாரித்தார்கள். முழு வேதத்தையும் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு ஹாபிஸ் தம்பி வேடிக்கையாகக் கையை வைத்தபோது ஒரு மீனும் வரவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு போய், மறுவருடச் சேர்க்கைக்குப் பெயர் கொடுத்தான். டீக்கடையில் ரபீக்கை, "என்னலே, குவைத்துல பதினாலு வருசம் கிடந்து மொத்தம் முப்பது நெத்திலிதானா?" என்று கேலி செய்தார்கள்.

எண்ணுகிற வேலை என்னிடம் வந்தது. நீந்துகிற மீனை எண்ண முடியாது என்றார்கள். நான் ஹவுளின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை நூல் கட்டிக் கட்டம் பிரித்து, விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு தண்ணீர் அசையாத நேரத்தில் கட்டம் கட்டமாக எண்ணினேன், மூன்று தடவை ஒரே எண் வந்தால்தான் சொன்னேன். உதுமான் கனி எண்ணினால் பட்டன் துவாரம்கூடத் தப்பாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த எண்ணை மோதினாரிடம் சொல்லுகிற நேரத்துக்காகக் காலையில் எழுந்திருப்பேன்.

இரண்டாம் வருடத்தின் பாதியில் மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று மீன்கள் இருந்தன. அவற்றில் என்னுடையவை நூற்று எண்பத்து மூன்று. கையை வைத்தால் மணிக்கட்டு வரை வெள்ளையாகச் சுற்றிக்கொள்ளும்; நிலவு, நெருப்பு, பழைய பேரீச்ச மட்டை, ஓடி வந்த மனிதன், எல்லாம் அதில் இருந்தன. மைமூனுடைய யாசீனில் பாதிக்குமேல் எனக்குத் திறந்துவிட்டது. அவள் அழுத இடத்துக்கு இன்னும் இரண்டு பக்கம்தான் இருந்தது. மீதியும் திறக்கட்டும், முழுதாகச் சொல்லலாம் என்று வியாழக்கிழமைதோறும் வாயை அடக்கிக்கொண்டு வழக்கம்போல ஓதிவிட்டு வந்தேன்.

அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் மையத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மையம் நீடிக்க வேண்டுமானால் ஆயிரம் மீனாவது இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சார் அதை வகுப்பில் சொன்னார். ஜுலைகா ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சோறு வடிக்கிற நேரம் போக நான் எத்தனை சொல்லுதான் சார் படிப்பேன்?" என்றார். "பாத்துக்கலாம் ராத்தா," என்றார் சார். நான் அன்றிரவே முடிவு செய்து கடையை மத்தியானத்தோடு அடைத்தேன். குழு வருவதற்குள் இருபத்தெட்டுச் சொற்கள் சேர்த்தேன். மொத்தம் அறுநூற்று முப்பத்தொன்பது. மற்ற ஏழு பேரும் அந்த நாட்களில் ஒன்றும் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

குழு வந்த சனிக்கிழமை காலையில் வழக்கம்போல நூல் கட்டி எண்ண உட்கார்ந்தேன். தண்ணீர் வெள்ளையாக நெளிந்தது. முதல் தடவை ஆயிரத்து முப்பத்தொன்பது வந்தது. தவறு என்று நினைத்துத் திரும்ப எண்ணினேன், அதுவே வந்தது. மூன்றாம் தடவையும் அதுவே. வெள்ளிக்கிழமைகளில் நான் எண்ணுவதில்லை; வியாழன் காலையில் எண்ணியதற்கும் இதற்கும் சரியாக நானூறு கூடியிருந்தது. நான் கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். என்னோடு படித்த ஏழு பேருக்கும் ஒரே மூச்சில் திறந்துவிட்டது என்று நினைத்தேன், மையம் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன், இன்னும் இரண்டு பக்கம்தான் மைமூன் என்று வாய்விட்டே சொன்னேன்.

குழுவின் தலைவர் கண்ணாடி போட்ட பெரியவர். ஹவுளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "எண்ணினது யாரு?" என்று கேட்டார். கூட்டம் முழுக்க ஒரே குரலில் என் பெயரைச் சொன்னது. நான் முன்னால் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனை பேர் கேட்கும்படி, "ஆயிரத்து முப்பத்தொன்பது" என்றேன்.

"உறுதியாவா?"

"மூணு தடவை எண்ணியிருக்கேன் ஐயா."

"அவர் சொன்னா சரியா இருக்கும் சார்," என்றான் நைனா. என் தோளில் கையும் வைத்தான்.

அவர்கள் எழுதிக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பிள்ளைகள் மிச்சமிருந்த பொரியைத் தண்ணீரில் வீசினார்கள். ஹவுளில் பாதி மேலே வந்து வாயைத் திறந்தது.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பொரி தீர்ந்ததும் ஒரு மீன் திரும்பி, பக்கத்தில் நின்ற சின்ன வெள்ளை மீனை விழுங்கியது. ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள். இரண்டு வாரக் குஞ்சு அப்படித்தான் வெள்ளையாக இருக்கும். எந்தக் குளத்தில் விட்டாலும் மற்றதைத் தின்றுதான் வளரும் என்பது மீன் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். நைனா பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். சீட்டுக்கு அடியில் ஈரமான பாலிதீன் பைகள் கிடந்தன.

"எங்கேருந்து கொண்டு வந்தே?"

அவன் எதை என்று கேட்கவில்லை. "குஞ்சுப் பண்ணையிலேருந்து காக்கா."

"எப்ப விட்டே?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை எப்ப?"

அவன் துணியைப் பிழிந்தான். "அஸருக்கு அப்புறம். நீங்க மையவாடியில இருக்கிற நேரம். மக்ரிப்புக்குள்ள வர மாட்டியன்னு தெரியும்ல."

"யார் யாருக்குத் தெரியும்?"

"சார்தான் சொன்னாரு. ராத்தா, வாத்தியாரு, எல்லாரும்தான் காக்கா. மோதினாருக்கும் தெரியும்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எண்ணியிருப்பியளா?"

"மாட்டேன்."

"அதான் காக்கா."

அவ்வளவுதான். அதற்குமேல் அவனிடம் கேட்க ஒன்றும் இல்லை. நான் மையவாடியில் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று அறிந்த ஒரே ஆள், அந்த நேரத்தைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

மதரஸா மாடியில் ஜக்கரிய்யா சார் காகிதங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். "பாய், நீங்க சொன்ன எண்ணிக்கை சரிதானே? ஹவுள்ல அத்தனை மீன் இருந்துச்சுல்ல? நீங்க பொய் சொல்லலை, நானும் சொல்லலை. மையம் போயிருந்தா எல்லாருக்கும்தானே நஷ்டம்?" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குச் சனிக்கிழமை ஆயிட்டா இந்த பெஞ்சுல வந்து உக்காரணும்ணே, அதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டேன்," என்றாள். "நீங்க சொன்னாத்தான் அவுக நம்புவாகன்னு சார் சொன்னாரு."

என் வாய் வேண்டும், எனக்குத் தெரிய வேண்டாம். அதுதான் ஏழு பேரும் சாரும் சேர்ந்து எடுத்திருந்த அளவு.

மையம் போகவில்லை என்று சொல்ல முடியாது, இருந்தது என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு சிறப்பாக நடக்கிற மையம் ஒரு சின்னப் பட்டினத்தில் முடங்கிக் கிடக்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் அதை மாவட்டத் தலைநகருக்கு மாற்றியது. ஜக்கரிய்யா சார் அங்கே பொறுப்பாளராகப் போனார். மதரஸா மாடியைப் பந்தல் சாமான் வைக்க வாடகைக்கு விட்டார்கள்.

ஹவுளில் கெண்டைகள் விரல் நீளம் ஆயின, கை நீளம் ஆயின. ஒவ்வொரு காலையும் எண்ணிக்கை குறைந்தது. நெருப்பு என்ற சொல் போனது எனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது: பக்கத்தைத் திறந்தேன், எழுத்துக் கூட்டினேன், ஓசை வந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, ஏழு வயதில் எப்படி இருந்ததோ அப்படி. வேறு யாராவது எனக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தாலும் அது ஒட்டவில்லை, அடுத்த வரிக்கு வருவதற்குள் நழுவியது. ஜமாஅத் மறுபடியும் கூடியது. வலை போடலாம் என்றார்கள். வலை எல்லாவற்றையும் சேர்த்து அள்ளும் என்றேன். தண்ணீரை இறைத்துவிடலாம் என்றார்கள். சொற்கள் முதலில் சாகும் என்றேன். "அப்ப என்னதான் செய்யச் சொல்லுதிய?" என்று காதர் சாயபு கேட்டார். அவர் ஒருவர்தான் என்னிடம் கேட்டார் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பொரிக்கு வருவது கெண்டை, வராதது சொல். தூண்டிலில் பொரிமாவை உருட்டி வைத்து ஒவ்வொன்றாகப் பிடிக்கத் தொடங்கினேன். கடையை மறந்தேன், பெருநாள் துணியெல்லாம் வேறு கடைக்குப் போயிற்று. பிடித்த கெண்டைகளை மோதினார் வீடு வீடாகக் கொடுத்தார். ஊர் அதைக் குழம்பு வைத்துத் தின்றது. ருசி எப்படி என்று ரியாஸ் கேட்டதற்கு, "மண்ணு வாடை இல்லை மாப்ளே, அருமை," என்று யாரோ சொன்னது எனக்கும் கேட்டது.

மற்றவர்கள் தங்கள் மீன்கள் குறைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமலோற்பவம் குவைத்துக்குப் போய்விட்டாள். அங்கே எல்லோரும் மலையாளம்தான் பேசுகிறார்கள் என்று அவள் அம்மா சொன்னார். வாத்தியாருக்குப் பணி மாற்றம் வந்தது. ஜுலைகா ராத்தா சிறு வாசல் வழியாக ஒருநாள் வந்து, கரையில் உட்கார்ந்து, கையைத் தண்ணீருக்குள் வைக்காமலே எழுந்து போனார்.

நைனா கடைசியாக வந்தான். ரமலானுக்கு முந்திய வாரம். நான் தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரத்தில் குந்தி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டான். வெகு நேரம் வைத்திருந்தான். எதுவும் வரவில்லை.

"எனக்கு எல்லாம் போச்சு போல காக்கா."

நான் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு சொல்லுகூட இல்லை. எழுபதுக்கு மேல இருந்துச்சுல்ல எனக்கு?"

"எழுபத்து நாலு," என்றேன்.

"உங்க கையை வைங்க, பாப்போம். உங்களுக்கு எத்தனை இருக்கு?"

நான் கையை வைக்கவில்லை. அவன் எழுந்து, கையை உதறி, "திட்டவாவது செய்யுங்களேன் காக்கா," என்றான். யாரையும் திட்டிப் பழக்கமில்லை எனக்கு. அவனைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டோ கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஆட்டோவில் நான் ஏறவில்லை.

ரமலான் முடிவதற்குள் பொரிக்கு வாய் திறக்கிற மீன் ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டேன். மூன்று காலை தொடர்ந்து பொரி போட்டுப் பார்த்தேன். மூன்று நாளும் அது ஊறிக் கரைந்தது. அன்று வியாழக்கிழமை. நூல் கட்டத் தேவைப்படவில்லை, கண்ணாலேயே எண்ணிவிடலாம்: இருபத்து மூன்று. கையை உள்ளே வைத்தேன். ஆறு மீன்கள் ஒரு மூலையிலேயே அசையாமல் நின்றன. யாருடையவை என்று தெரியாது, கேட்டு வருகிறவரும் இல்லை. மற்றவை வந்தன. அவள் அழுத இடம்வரை நான் போய்ச் சேரவில்லை. இனி போகிற வழியும் எனக்குத் தெரியாது.

அஸர் தொழுதுவிட்டு மையவாடிக்குப் போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். முழுதாகத் திறக்கட்டும் என்று காத்திருந்தது போதும் என்று தோன்றியது. ஓதத் தொடங்கினேன். ஓசை ஓசையாகப் போய்க்கொண்டே இருந்தது, எங்காவது ஒரு சொல் திறந்திருந்தால் அங்கே நிறுத்தி, அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஓடி வந்த மனிதன், மைமூன். அவன் எதைச் சொல்ல ஓடி வந்தான் என்பது இல்லை. மறுபடியும் நெடுந்தூரம் இருட்டு. நிலவு, மைமூன். மரம், மைமூன். அதை அடுத்து நெருப்பு இருந்த இடத்தைச் சும்மா கடந்தேன். மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிட்டேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை, ஒன்றையும் விடவில்லை. அவளுக்குச் சொன்னவை பதினேழு.